சாப்ளின் வீட்டுக்குப் போகிறீர்களா? முதலில் வீடு, பிறகுதான் ஸ்டூடியோ

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் பனிமலை கேட்பார்கள். அடுத்தது சாக்லேட். நாலாம் நாள் வாக்கில் போனை நீட்டி, "இங்கதானே சார்லி சாப்ளின் வீடு இருக்கு?" என்பார்கள். நான் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் குடியிருப்பவன். அங்கிருந்து, சாப்ளின் வீடு இருக்கும் வெவேக்கு, ரயிலில் ஏறக்குறைய கால்மணி நேரம். அம்மா, அத்தை, மச்சான் குடும்பம், கல்லூரித் தோழர்கள் என்று ஒவ்வொருவரையாக அழைத்துப் போய், அந்த வீட்டுக்கு நானே பாதி வழிகாட்டி ஆகிவிட்டேன்.

முதல் தடவை நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் ஸ்டூடியோ பக்கம் போனது, நாங்களும் பின்னாலேயே போனோம். உள்ளே மெழுகுப் பொம்மைகளோடு படம் எடுத்து, சிரித்து, மறுபடி படம் எடுத்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. வெளியே வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மூடுவதற்கு இருபத்தைந்து நிமிஷம்தான் மிச்சம். அத்தை படியேறிக்கொண்டே, "ஏன்டா, வீட்டைப் பாக்கத்தானே வந்தோம்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: காலையில் போங்கள், வீட்டை முதலில் பாருங்கள்.

எது எங்கே இருக்கிறது

ஜெனீவா ஏரியின் வடகரையில் வெவே என்ற சிறு நகரம். இங்குள்ளவர்கள் அந்த ஏரியை லெமான் என்பார்கள்; பலகைகளிலும் அப்படித்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். வெவேயிலிருந்து மேட்டில் ஏறினால் கோர்சியே கிராமம். அங்கேதான் மன்வார் த பான் என்ற மாளிகை. 1840-ல் கட்டியது. சாப்ளின் 1953 ஜனவரியில் குடும்பத்தோடு இங்கே குடிவந்து, 1977 டிசம்பர் 25 அன்று தூக்கத்திலேயே இறக்கும்வரை, ஏறத்தாழ 25 வருஷம் வாழ்ந்தார்.

இப்போது அந்த வளாகத்துக்கு 'சாப்ளின்ஸ் வேர்ல்ட்' என்று பெயர். வாரிசுகளின் ஒப்புதலோடு 2000-லேயே பேச்சு ஆரம்பித்து, அனுமதி, ஆட்சேபம், பணம் என்று இழுத்தடித்து, ஒருவழியாக 2016 ஏப்ரலில், அவர் பிறந்தநாளை ஒட்டித் திறந்தார்கள். டிக்கெட் ஒன்றுதான், அதில் மூன்று இடங்கள் அடங்கும். சாப்ளின் வாழ்ந்த மாளிகை, அதைச் சுற்றியுள்ள நாலு ஹெக்டேர் தோட்டம், படங்களின் காட்சிகளை மறுபடி கட்டி வைத்திருக்கும் புதிய ஸ்டூடியோ கட்டடம். ஸ்டூடியோ அவர் காலத்தில் இருந்ததல்ல. அவர் இங்கே எந்தப் படத்தையும் எடுக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் தீரும்.

போவதற்கு முன் வீட்டுப்பாடம்

நம்மூர்ப் பள்ளிகளில் எந்த மாறுவேடப் போட்டியிலும் ஒரு சாப்ளின் இருப்பான். கண்மையில் வரைந்த மீசை, அப்பாவின் கோட்டு, கையில் குடைக்கம்பு. அதனால் சாப்ளினை நமக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு. உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்திருக்கிறோமா என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

போகும் முன் ஒரே ஒரு படம் பார்க்க நேரமிருந்தால் 1936-ல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' பாருங்கள். தொழிற்சாலைப் பல்சக்கரத்துக்குள் ஆள் நுழைந்து வரும் காட்சி அதில்தான். இரண்டாவதாக 'த கோல்ட் ரஷ்', 1925. பசி தாங்காமல் பூட்ஸை வேகவைத்துத் தின்பதும் (உண்மையில் அது அதிமதுர மிட்டாயில் செய்த பூட்ஸ்), மலை விளிம்பில் குடிசை ஆடுவதும் அதில். குழந்தைகள் கூட வந்தால் 'த கிட்' போதும். ஒரு மணி நேரப் படம், மொழியே தேவையில்லை. அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால் 1917-ல் வந்த 'ஈஸி ஸ்ட்ரீட்' என்ற குறும்படம். ஸ்டூடியோவுக்குள் நீங்கள் முதலில் நடக்கப் போகும் தெரு அந்தப் படத்தின் தெரு. பார்க்காமல் போனாலும் உள்ளே விட்டுவிடுவார்கள், ஆனால் அது யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவது போலத்தான் இருக்கும்.

வீட்டுக்காக ஒரு தகவல் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1952 செப்டம்பரில் 'லைம்லைட்' படத்தின் முதல் காட்சிக்காக சாப்ளின் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறினார். நாற்பது வருஷம் அமெரிக்காவில் வாழ்ந்தும் குடியுரிமை வாங்காதவர். பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தார். கம்யூனிஸ்ட் அனுதாபி என்று அவர்மேல் சந்தேகம் கிளப்பியிருந்த காலம். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே, திரும்பி நுழைவதற்கு அவருக்குக் கொடுத்திருந்த அனுமதியை அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ரத்து செய்தார். வீடு, ஸ்டூடியோ, சொத்து எல்லாம் கலிபோர்னியாவில். மனைவி ஊனா அமெரிக்கக் குடிமகள் என்பதால் அவர் மட்டும் திரும்பிப் போய்ப் பணத்தை மீட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வாங்கிய வீடுதான் இது.

இதை நான் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும், கூட வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், "அப்ப இவருக்கும் பெர்மிட் பிரச்சினைதானே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். சுவிஸில் ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். பெர்மிட், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிக் கடிதத்துக்காகத் தபால்பெட்டியைத் திறந்து பார்த்த அனுபவம் அவர்களில் பலருக்கு உண்டு. அண்ணை அன்று அந்த வீட்டைப் பார்த்த விதமே வேறாக இருந்தது.

பயணம், டிக்கெட், நேரம்

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசா போதும். ஜெனீவா விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். வெவேக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். பேர்னிலிருந்து வந்தால் லோசானில் மாறி ஒன்றரை மணி நேரம். சூரிச்சிலிருந்து இரண்டரை மணிக்கு மேலே. ஒரே நாளில் போய்வரலாம், ஆனால் காலை ஏழு மணிக்கே ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெவே நிலையத்துக்கு வெளியே 212ஆம் எண் பஸ். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரே 'சாப்ளின்'. பத்துப் பதினைந்து நிமிஷம். ஊரை விட்டு ஏறும்போது, உயரமான இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் சுவர் முழுக்க சாப்ளின் வரைந்திருப்பதைக் கவனியுங்கள். நம்மூர் கட்அவுட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது புதிதல்ல, ஆனாலும் சுவிஸில் அந்த அளவில் ஒரு நடிகரைப் பார்ப்பது வேடிக்கையாக இருக்கும்.

ரயில் செலவுதான் இங்கே எல்லோரையும் மலைக்க வைப்பது. சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. ஆப்பில் 'சேவர் டே பாஸ்' என்று ஒன்று உண்டு. எவ்வளவு முன்கூட்டி வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு; ஒரு நாள் முழுக்க ரயில், பஸ், படகு மூன்றிலும் செல்லும். வெவே, மோந்த்ரே பகுதியில் ஓட்டலில் தங்கினால் 'ரிவியேரா கார்டு' தருவார்கள். உள்ளூர் பஸ்ஸுக்குக் காசு வேண்டாம், அருங்காட்சியகங்களில் தள்ளுபடியும் உண்டு. கையில் எந்த அட்டை இருந்தாலும், 'ஸ்விஸ் டிராவல் பாஸ்' உட்பட, கவுண்டரில் பணம் கொடுப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். கொடுத்த பிறகு காட்டினால் சிரித்துக்கொண்டே "அடுத்த முறை" என்பார்கள்.

நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்கு 30 பிராங்கை ஒட்டி வரும். இணையத்தில் முன்பதிவு செய்யலாம். பள்ளி விடுமுறையிலும் மழைநாளிலும் செய்துவிடுவது நல்லது. மழை பெய்தால் மலைக்குப் போக நினைத்தவர்கள் எல்லாரும் இங்கே வந்துவிடுவார்கள். காலை பத்து மணிக்குத் திறக்கும். இந்த நாட்டில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, இங்கே அப்படி இல்லை. நான் திங்கள் காலையைத்தான் தேர்ந்தெடுப்பேன். மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகள் இருந்தால் நாலு.

மாதத்தைப் பொறுத்தவரை மே முதல் செப்டம்பர் கடைசிவரை சிறப்பு. நவம்பர், டிசம்பரில் ஏரிமேல் மூடுபனி படுத்துக்கொண்டால் எதிர்க்கரை மலையே இல்லாதது போல ஆகிவிடும். அந்த வீட்டை வாங்கியதற்கு அந்தக் காட்சிதான் பாதிக் காரணம் என்பதால், மேகமூட்டமான நாளில் போனால் பாதி வீடு குறைந்த மாதிரிதான்.

முதலில் வீடு

டிக்கெட் கிழித்ததும் கூட்டம் ஸ்டூடியோவுக்குத் திரும்பும். நீங்கள் நேரே மாளிகைக்கு நடங்கள். பத்தரை மணிக்கு அங்கே ஆளே இருக்காது.

உள்ளே நுழையும்முன் வெளியிலிருந்து ஒரு நிமிஷம் பாருங்கள். வெள்ளைச் சுவர், வரிசையான பெரிய ஜன்னல்கள், ஏரிப் பக்கம் தூண்களோடு நீண்ட தாழ்வாரம். செட்டியார் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அளவில் இது பிரமிப்பாக இராது. எங்கள் அம்மா, "காரைக்குடியில இதைவிடப் பெரிசா இருக்கே" என்று சொல்லிவிட்டாள். உண்மைதான். ஆனால் செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டியது போல நிமிர்ந்து நிற்கும். இது வெளியாள் கண்ணில் படாமல் மரங்களுக்குள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. உலகத்தில் எந்தத் தெருவிலும் நிம்மதியாக நடக்க முடியாத முகம் கொண்டவருக்கு அதுதான் தேவைப்பட்டது. நகர வாழ்க்கையை மொத்தமாக விட்டு வந்தார் என்றும் சொல்ல முடியாது. வெவே கடைத்தெருவில் குடும்பத்தோடு நடப்பார், க்னீ சர்க்கஸ் ஊருக்கு வந்தால் தவறாமல் போவார். உள்ளூர்க்காரர்கள் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அவர்தான் பக்கத்துத் துப்பாக்கிப் பயிற்சிக் களத்தின் சத்தம் தாங்கவில்லை என்று ஊராட்சியோடு மல்லுக்கு நின்றார்!

தரைத்தளத்தில் கூடம், சாப்பாட்டு அறை, நூலக அறை. இங்கே அவசரப்படாதீர்கள். எல்லாப் பலகைகளையும் படிக்க வேண்டுமென்பதில்லை. நான் ஒவ்வொரு அறையிலும் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொல்வேன்.

கூடத்தில் பியானோ. சாப்ளினுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. வாசித்தும் பாடியும் காட்டுவார், தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அதற்கு நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் ஊமைப்படமாக எடுத்த 'த சர்க்கஸ்', 'த கிட்' இரண்டுக்கும் இந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில், எண்பதை ஒட்டிய வயதில், புதிதாக இசை அமைத்தார். ஓய்வுபெற்ற கிழவரின் வீடு என்று நினைத்து உள்ளே வந்தால் இந்த இடத்தில் அந்த எண்ணம் மாறும்.

நூலக அறையில் எழுதும் மேஜை. 1964-ல் வெளிவந்த தன்வரலாறு இங்கே இருந்த நாட்களில் எழுதியது. அதில் இந்த வீட்டைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியைப் படித்தால் ஒரு விவசாயி தன் தோப்பைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்: கறுத்த பெரிய செர்ரி, பச்சைப் பிளம், ஆப்பிள், பேரிக்காய், ஸ்ட்ராபெர்ரி, மக்காச்சோளம். அன்று நிலம் 37 ஏக்கர். ஏழு வயதில் லண்டனில் ஏழைகளுக்கான விடுதியில் சேர்க்கப்பட்டுக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் என்ற நினைப்போடு அந்தக் காய்கறிப் பட்டியலைப் படிக்க வேண்டும். பணக்காரர் யாரும் தோட்டத்துச் சோளத்தை அப்படி எண்ண மாட்டார்.

நமக்கு ஒட்டிய ஒரு செய்தியும் அந்த நூலில் உண்டு. அவர் குடிவந்த 1953ஆம் ஆண்டிலேயே நேரு சுவிட்சர்லாந்து வந்தார். சாப்ளின் போய்ப் பார்க்க, இருவரும் ஒரே காரில் பேசிக்கொண்டே இந்த வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அதற்கு முன் 1931-ல் லண்டனில் காந்தியையும் சந்தித்திருந்தார். இயந்திரங்களை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று காந்தியிடம் சாப்ளின் கேட்ட கேள்வியும், ஐந்து வருஷம் கழித்து வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

சாப்பாட்டு அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுங்கள், முடிந்தால். ஊனாவோடு 1943-ல் திருமணம் ஆனபோது அவருக்கு 54 வயது, ஊனாவுக்கு 18. நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலின் மகள். அப்பா கடைசிவரை சமாதானமாகவில்லை. எட்டுக் குழந்தைகள். முதல் நாலு பேர் அமெரிக்காவில் பிறந்தார்கள், பின் நாலு பேர் இங்கே வந்தபிறகு. கடைக்குட்டி பிறந்தபோது அப்பாவுக்கு 73. ஊனா எடுத்த வீட்டுப் படங்களை இந்த மாளிகையில் ஓட விடுகிறார்கள். புல்வெளியில் நரைத்த தலையோடு ஒருவர் பிள்ளைகளுக்காகக் கோமாளித்தனம் செய்வார். மீசை இல்லை, தொப்பி இல்லை, ஆனால் நடை அதே நடை. எங்கள் அம்மா அங்கேயேதான் நின்றாள். "மூஞ்சி வேற, காலு அதேதான்" என்றாள். இந்த வீட்டைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாடியில் படுக்கையறைகள். சாப்ளினின் அறை அலங்காரமில்லாதது. ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்று மட்டும் பாருங்கள். குளியலறையில் ஐன்ஸ்டைனின் மெழுகுருவம் நிற்கும், பயந்துவிட வேண்டாம். 'சிட்டி லைட்ஸ்' முதல் காட்சிக்கு 1931-ல் சாப்ளினோடு வந்தவர் அவர். குளியலறையில் ஏன் நிறுத்தினார்கள் என்றால், குழந்தைகளைச் சிரிக்க வைக்கத்தான். இந்த மாதிரி விளையாட்டு வீட்டுக்குள் அங்கங்கே உண்டு. எனக்கு அவ்வளவு பிடிக்காது. வீட்டை வீடாகவே விட்டிருக்கலாம். ஆனால் மச்சான் மகன் சிரித்த சிரிப்பு என் கட்சிக்கு எதிரான சாட்சி.

வீட்டுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

தோட்டத்தில் அரைமணி

பின்பக்கத் தாழ்வாரத்தின் வழியே வெளியே வாருங்கள். முன்னால் பெரிய புல்வெளி, ஓரங்களில் வானளாவிய பழைய மரங்கள், நடுவில் ஏரி, அதற்கப்பால் ஆல்ப்ஸ் மலை. அந்தி நேரத்தில் இந்தத் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் தன்வரலாற்றை முடிக்கிறார்.

இந்தப் புல்வெளியில்தான் 2017 ஏப்ரல் 16 அன்று 662 பேர் சாப்ளின் வேஷத்தில் கூடி நின்றார்கள். மாறுவேடப் போட்டியில் ஜெயிக்காத நம் ஆட்கள் ஏப்ரல் நடுவில் சுவிஸ் பக்கம் வந்தால் கோட்டும் தொப்பியும் எடுத்துக்கொண்டு வரலாம்.

குழந்தைகள் இரண்டு வயசு மூன்று வயசு என்றால் வரிசையை மாற்றுங்கள். தோட்டத்தில் ஓடவிட்டு, ஸ்டூடியோவைக் காட்டி, அவர்கள் தூங்கிய பிறகு தள்ளுவண்டியோடு வீட்டுக்குள் போங்கள். நான் சொன்ன விதி பெரியவர்களுக்கு மட்டும்.

பிறகு ஸ்டூடியோ

இங்கே முதலில் சிறு திரையரங்கில் உட்கார வைப்பார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். முடிந்ததும் எழுந்து கதவைத் தேடாதீர்கள். திரையே மேலே தூக்கிக்கொள்ளும், அதன் பின்னால் 'ஈஸி ஸ்ட்ரீட்' தெரு. படம் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே படத்துக்குள் நடந்து போவீர்கள். எத்தனை முறை போனாலும் அந்த நொடியில் எனக்கு ஒரு குழந்தைச் சந்தோஷம் வரும். புதிதாக வருபவர்களிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. உங்களிடம் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

அதற்குப் பிறகு வழிகாட்டி தேவையில்லை. எதையும் தொடலாம், பெரும்பாலானவற்றில் ஏறலாம். 'மாடர்ன் டைம்ஸ்' பல்சக்கரத்தில் படுத்துப் படம் எடுக்கலாம். 'கோல்ட் ரஷ்' குடிசை ஆடும். தலைசுற்றல் உள்ளவர்கள் வெளியே நிற்கட்டும். 'கிரேட் டிக்டேட்டர்' படத்துச் சலூன் நாற்காலி உண்டு. பாரிஸின் கிரேவன் மெழுகு அருங்காட்சியகத்தார் செய்த உருவங்கள் அங்கங்கே நிற்கும். படம் எடுக்க ஒரு வழி சொல்கிறேன்: பல்சக்கரத்துக்கு முன்னால் எப்போதும் வரிசை இருக்கும், அதைத் தாண்டிப் போய்விட்டு, எல்லாம் பார்த்த பிறகு திரும்பி வாருங்கள்.

கூட்டம் கவனிக்காமல் தாண்டிப் போவது உண்மையான தொப்பியும் கைத்தடியும் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைத்தான். அதன் முன்னால் நின்றுவிட்டு வாருங்கள். 1914-ல் முதன்முதலாகப் போட்ட அந்த நாடோடி வேஷத்தை 1936-க்குப் பிறகு அவர் போடவே இல்லை. காலையில் நீங்கள் பார்த்த வீட்டுக்கு அந்த நாடோடி ஒருநாளும் வந்ததில்லை. சாப்ளின் இங்கே குடிவருவதற்கு 17 வருஷம் முன்பே அவன் தெருவோடு நடந்து போய்விட்டான். வீட்டை முதலில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெட்டி முன்னால் ஏதோ தொண்டையில் அடைக்கும். ஸ்டூடியோவை முதலில் பார்த்த வருஷம் எனக்கு அது வெறும் தொப்பியாகத்தான் தெரிந்தது.

வெளியேறும் வழி கடை வழியாகத்தான் போகும். மீசை, தொப்பி, பிரம்பு எல்லாம் விற்கும். எங்கள் வீட்டில் மூன்று மீசை இருக்கிறது.

சாப்பாடு

வளாகத்துக்குள்ளேயே ஓட்டல் உண்டு. சுவிஸ் விலைதான்: நாலு பேர் சாப்பிட்டால் நூறு பிராங்கைத் தாண்டும். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய், பார்த்து முடித்ததும் வெவே ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வாசனைக்குத் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தெருக் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். செவ்வாய், சனிக்கிழமைகளில் வெவே பெரிய மைதானத்தில் சந்தை கூடும். பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

கல்லறைக்கு ஒரு நடை

மாளிகையிலிருந்து பஸ் ஏறாமல் சரிவில் இறங்கி கோர்சியே கிராமத்துக்கு நடந்து போங்கள். இருபது நிமிஷம் போதும். கிராமத்து இடுகாட்டில் சாப்ளினும் ஊனாவும் பக்கத்தில் பக்கத்தில். ஊனா 1991 செப்டம்பரில் இறந்தார். மாளிகையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏதோ பளிங்கு மண்டபத்தை எதிர்பார்ப்பார்கள். சாதாரணக் கல், சாதாரணச் செடி. நடிகர் ஜேம்ஸ் மேசனின் கல்லறையும் அருகிலேயே இருக்கிறது.

சாப்ளினை அடக்கம் செய்து இரண்டு மாதம் கழித்து, 1978 மார்ச் தொடக்கத்தில், சவப்பெட்டியையே யாரோ தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள்! பணம் கேட்டுத் தொலைபேசி வந்தது. ஊனா மசியவில்லை. போலீஸ் அந்தப் பகுதியிலுள்ள பொதுத் தொலைபேசிகளையெல்லாம் கண்காணித்து மே மாதத்தில் இரண்டு பேரைப் பிடித்தது. வேலையில் சிரமப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு அயல்நாட்டு மெக்கானிக்குகள். ஏரியின் கிழக்கு முனையில் நோவில் என்ற ஊரில் ஒரு சோளக்காட்டில் பெட்டியைப் புதைத்து வைத்திருந்தார்கள். மறுபடி அடக்கம் செய்தபோது மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். செத்த பிறகும் அவர் வாழ்க்கையில் சாப்ளின் படத்துக் காட்சி ஒன்று மிச்சமிருந்திருக்கிறது என்று மச்சான் சொன்னான். இடுகாட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சொந்தக்காரர்கள் கல்லறைக்குப் பூ வைக்க வரும் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள்.

ஏரிக்கரை, திரும்பும் ரயில்

இடுகாட்டிலிருந்து கீழே இறங்கினால் வெவே ஏரிக்கரை. அங்கே நாடோடி வேஷத்தில் சாப்ளினின் வெண்கலச் சிலை. பிரிட்டிஷ் சிற்பி ஜான் டபிள்டே செய்தது. இதன் மூலச்சிலை லண்டனில் நிற்கிறது. எல்லோரும் கையைக் கோத்துப் படம் எடுப்பதால் சில இடங்கள் தேய்ந்து பளபளக்கின்றன. எதிரே தண்ணீருக்குள் எட்டு மீட்டர் உயர முள்கரண்டி ஒன்று குத்தி நிற்கும். அது சாப்ளினோடு சம்பந்தப்பட்டதல்ல. பக்கத்திலுள்ள உணவு அருங்காட்சியகத்துடையது. குழந்தைகள் பூட்ஸ் தின்ற காட்சியோடு இதை முடிச்சுப் போட்டுக் கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள்.

அங்கிருந்து நிலையத்துக்குப் பத்து நிமிஷ நடை. வெயிலும் நேரமும் இருந்தால் ரயிலை விட்டுவிட்டுப் படகில் லோசான் போங்கள். டே பாஸ் அதற்கும் செல்லும். ரயில் என்றால் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். காலையில் லோசானிலிருந்து வரும்போது ஏரி வலப்பக்கம் இருக்கும், மாலையில் திரும்பும்போது இடப்பக்கம். லாவோ திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏரியில் இறங்குவது தெரிய வேண்டுமானால் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். அத்தை இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாள்.